திரை என்ன சைஸ்? மூணு இடத்துல கேட்ட ஒரு ஸ்கிரிப்ட்

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுத்தது)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா கம்ப்யூட்டர் பக்கம் போகாதவங்களும் இருங்க. இதுல ஆடிட் மார்க் வருது, இன்சென்டிவ் வருது, ஒரு மூக்குக்கண்ணாடியும் வருது.

விஷயம் இதுதான். விர்ச்சுவல் மெஷின்கள்ல, அதாவது விஎம்கள்ல, டிஸ்ப்ளே செட்டிங் சரியா இருக்கான்னு ஸ்கிரிப்ட் வெச்சு எப்படிப் பார்க்கறது. கேட்டா ரொம்பச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ரெசல்யூஷன் என்னன்னு கேட்கணும், ரெண்டு நம்பர் வரும், எக்செல்ல போடணும், முடிஞ்சது. நானும் அரை நாள் வேலைன்னுதான் மேனேஜர்கிட்ட சொன்னேன். அவர் அதை நம்பலை, அது வேற.

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்கலாம். விஎம்ங்கறது ஒரு பெரிய சர்வருக்குள்ள சாஃப்ட்வேரால உண்டாக்கின கம்ப்யூட்டர். அதுக்கு உடம்பு கிடையாது, அதனால சொந்தமா மானிட்டரும் கிடையாது. உங்க மேசையில இருக்கற மானிட்டர் உங்க மேசைக் கம்ப்யூட்டரோடது. விஎம் தனக்கு ஒரு திரை இருக்கறதா நினைச்சுக்கிட்டு ஒரு படத்தை வரையுது. அந்தப் படம் நெட்வொர்க் வழியா வந்து உங்க மானிட்டர்ல தெரியுது. நடுவுல யார் வேணும்னாலும் அதைச் சுருக்கலாம், நீட்டலாம், வெட்டலாம். அதனால "இந்த மெஷினோட ரெசல்யூஷன் என்ன?"ன்னு கேட்டா, யாரைக் கேட்கறீங்கங்கறதைப் பொறுத்து பதில் மாறும்.

எனக்கு இது புரிஞ்சது ஓஎம்ஆர்ல ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில வேலை பார்த்தப்போ. பேர் வேண்டாம். மெடிக்கல் கோடிங்னா, டாக்டர் எழுதின குறிப்பைப் படிச்சு, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடைப் போட்டு, அமெரிக்க இன்சூரன்ஸுக்குப் போற க்ளெய்மைத் தயார் பண்ற வேலை. சென்னையில உங்க ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தராவது இதுல இருப்பாங்க. கோடர்கள் எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியா ஆளுக்கு ஒரு விண்டோஸ் விஎம்ல லாகின் பண்ணி வேலை செய்வாங்க. மொத்தம் 300-க்கு கொஞ்சம் மேல மெஷின்.

நான் சேர்றதுக்கு முன்னாடியே ஒரு புகார் ஓடிட்டு இருந்தது. சில பேருக்கு எழுத்து மங்கலாத் தெரியுதுன்னு. டிக்கெட் போடுவாங்க. சப்போர்ட்ல இருந்து விஎம்மைத் திறந்து பார்ப்பாங்க. "எங்க பக்கம் நல்லாத் தெரியுது"ன்னு க்ளோஸ் பண்ணிடுவாங்க. ஒரு அக்கா, நைட் ஷிஃப்ட், என்கிட்ட நேரா வந்து சொன்னாங்க: "தம்பி, எழுத்தெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு. கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு கண்ணாடி மாத்தினேன். மாத்தியும் அப்படியேதான் இருக்கு." அவங்க டீம் லீட் அவங்களுக்கு ஏற்கெனவே ஒரு யோசனை சொல்லியிருந்தார். டே ஷிஃப்டுக்கு மாறிக்குங்கன்னு.

மங்கல் மட்டும்னா இது ஒரு எபிசோடா ஆகியிருக்காது. அதே நேரத்துல ஆடிட்ல ஒரு தப்பு திரும்பத் திரும்ப வந்தது. கை, கால், கண் மாதிரி ரெண்டு இருக்கற உறுப்புல சிகிச்சை நடந்தா, இடமா வலமான்னு ஒரு குறியீடு போடணும். எல்டி, ஆர்டின்னு சொல்வாங்க. அது இல்லாமப் போனா க்ளெய்ம் திரும்பி வரலாம். ஒரு குறிப்பிட்ட பேட்ச்ல சேர்ந்தவங்க அந்தப் பெட்டியைக் காலியா விட்டுட்டே இருந்தாங்க. ஆடிட் மார்க் குறைஞ்சா இன்சென்டிவ் கட். "இந்த பேட்ச் கவனம் இல்லாத பேட்ச்"ன்னு ஒரு பேரும் வந்தாச்சு. ரெண்டு பிரச்சினையும் ஒண்ணா இருக்கலாம்னு யாரும் யோசிக்கலை. மங்கல் ஐடி டீமோட தலைவலி, காலிப் பெட்டி குவாலிட்டி டீமோட தலைவலி. ரெண்டு டீமும் வேற வேற மாடி.

சரி, ஸ்கிரிப்டுக்கு வருவோம்.

முதல் இடம், விஎம்மோட செட்டிங். எங்களுக்கு விஎம்வேர். அதுக்கு பவர்ஷெல் மேல ஓடற பவர்சிஎல்ஐன்னு ஒரு தொகுப்பு இருக்கு. அதுல ஒவ்வொரு விஎம்மையும் எடுத்து, அதோட ஹார்ட்வேர் பட்டியல்ல வீடியோ கார்டு மட்டும் எதுன்னு தேடி, மூணு விஷயம் வாங்கலாம்: வீடியோ மெமரி எவ்வளவு, எத்தனை டிஸ்ப்ளே, 3டி ஆன்ல இருக்கா. பத்து வரிகூடத் தேவையில்லை.

இந்த வீடியோ மெமரிக்குக் கணக்கு ரொம்ப எளிது. ஒரு பிக்சலுக்கு 4 பைட். 1024-ஐ 768-ஆல பெருக்கி, நாலால பெருக்கினா 31,45,728 பைட், சரியா 3 எம்பி. 1920-க்கு 1080-ன்னா 82,94,400 பைட், சுமாரா 8 எம்பி. பல விஎம்கள்ல வீடியோ மெமரி 4 எம்பிதான் இருக்கும். அந்த 4 எம்பிக்குள்ள 1024 x 768 அடங்கும், ஃபுல் எச்டி அடங்காது. ரெண்டு மானிட்டர்னா ரெட்டிப்பு. அதனால "ரெசல்யூஷன் லிஸ்ட்ல 1920-ஏ காட்ட மாட்டேங்குது"ன்னு யாராவது சொன்னா, ட்ரைவரை ரீஇன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்க. மாத்தணும்னா விஎம்மை ஷட்டவுன் பண்ணித்தான் மாத்த முடியும்ங்கறதையும் மனசுல வெச்சுக்குங்க. நைட் ஷிஃப்ட் நடக்கற இடத்துல அது சின்ன விஷயம் இல்லை.

எங்க மெஷின்கள்ல இந்தச் செட்டிங் எல்லாம் ஒழுங்கா இருந்தது. ஒரே டெம்ப்ளேட்ல இருந்து வந்தவைதானே. 300 வரி, 300-ம் ஒரே மாதிரி. ரிப்போர்ட்டைப் பார்த்த ஒருத்தர் "அப்போ பிரச்சினை இல்லை"ன்னே சொல்லிட்டார்.

இங்கேதான் நிறைய பேர் நின்னுடறாங்க. செட்டிங்ங்கறது ஒரு அனுமதி, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய திரையை வரையலாம்னு சொல்லுது. வரைஞ்சிருக்கான்னு சொல்லாது.

அதனால ரெண்டாவது இடம், விண்டோஸுக்குள்ளேயே போய்க் கேட்கறது. விஎம்வேர் டூல்ஸ் வழியா வெளியில இருந்தே விஎம்முக்குள்ள ஒரு கமாண்டை ஓட வைக்கலாம். அதுக்கு உள்ளே இருக்கற ஒரு யூசரோட பாஸ்வேர்டு வேணும். தயவுசெஞ்சு அதை ஸ்கிரிப்டுக்குள்ள எழுதி வைக்காதீங்க, ஓட்டும்போது கேட்கற மாதிரி வைங்க. உள்ளே போய்க் கேட்டேன். எல்லா மெஷினும் 1024 x 768-ன்னு சொல்லுது. எல்லாமே! மங்கலாத் தெரியறவங்க மெஷினும், அருமையாத் தெரியறவங்க மெஷினும் ஒரே பதில்.

கண்டுபிடிச்சாச்சுன்னு ஒரு கூட்டமே கிளம்புச்சு. 300 மெஷினையும் ராத்திரியோட ராத்திரியா மாத்திடலாம்னு ஒரு திட்டம்கூடப் போட்டாங்க. ஆனா ஒரு விஷயம் இடிச்சது. நல்லாத் தெரியறவங்க மேசைக்குப் போய்ப் பார்த்தா, அவங்க விஎம்ல 1920 x 1080 கண்ணு முன்னாடி நிக்குது. அப்போ ஸ்கிரிப்ட் யாரைக் கேட்டுச்சு?

இதுக்குக் காரணம் விண்டோஸோட ஒரு பழைய முடிவு. விஸ்டா காலத்துல இருந்து விண்டோஸ் சர்வீஸ்கள் எல்லாம் செஷன் ஜீரோன்னு ஒரு தனி அறையில ஓடுது. மனுஷங்க லாகின் பண்ற செஷன் 1, 2-ன்னு வேற வேற. பாதுகாப்புக்காகப் பிரிச்சது, நல்ல முடிவுதான். ஆனா அதோட விளைவு என்னன்னா, சர்வீஸ் வழியா உள்ளே போற ஸ்கிரிப்ட் அந்த அறைக்குள்ளேயே இருந்துக்கிட்டு அங்கே தெரியற திரையைச் சொல்லுது. அந்தத் திரையை எந்த மனுஷரும் பார்க்கறதில்லை. விஎம்வேரே கெஸ்ட் ஸ்கிரீன்னு அகல உயரம் ஒண்ணு வெச்சிருக்கு. அதுவும் ரிமோட் டெஸ்க்டாப்ல உட்கார்ந்திருக்கறவரோட திரையைச் சொல்லும்னு நம்பி இறங்கக் கூடாது. காலேஜ் ஹாஸ்டல்ல வாட்ச்மேனைக் கூப்பிட்டு, மூணாவது மாடி ரூம்ல ஃபேன் ஓடுதான்னு கேட்கற மாதிரி. அவர் தன் ரூம் ஃபேனைப் பார்த்துட்டு ஓடுதுன்னு சொல்வார்.

ஆக மூணாவது இடம், அந்த ஆளோட செஷன். யார் லாகின் பண்ணியிருக்காங்களோ அவங்க பேர்லயே, அவங்க செஷனுக்குள்ளேயே ஸ்கிரிப்ட் ஓடணும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல இதுக்கு வழி இருக்கு. "யூசர் லாகின்ல இருக்கும்போது மட்டும் ஓடு"ன்னு வைக்கலாம். எப்போ ஓடணும்ங்கறதுக்கு லாகின் மட்டும் போதாது. ரிமோட் டெஸ்க்டாப்ல செஷனைத் துண்டிச்சுட்டு வேற மானிட்டர்ல இருந்து திரும்பச் சேர்ந்தா ரெசல்யூஷன் மாறிடும், புது லாகின் நடக்காது. அதனால "செஷனோட கனெக்ட் ஆகும்போது"ங்கற ட்ரிக்கரையும் சேர்க்கணும். இது சின்னப் பெட்டிதான், டிக் அடிக்க மறந்தா பாதி கேஸ் தப்பிச்சுடும்.

இன்னொரு பொறி இருக்கு, ஸ்கேலிங். 1920 x 1080 திரையில எழுத்து பெருசாத் தெரியணும்னு 150 சதவீதம் வெச்சிருப்பாங்க. ஸ்கேலிங் பத்தித் தெரியாத ஒரு பழைய புரோகிராம் விண்டோஸ்கிட்ட திரை சைஸ் கேட்டா, விண்டோஸ் 1280 x 720-ன்னு சொல்லும். 1920-ஐ ஒன்றரையால வகுத்தது. அது பொய் இல்லை, அந்தப் புரோகிராமுக்கு ஏத்த மாதிரி சொன்ன பதில். இணையத்துல கிடைக்கற பவர்ஷெல் துணுக்குகள்ல பாதி, விண்டோஸ் ஃபார்ம்ஸ் வழியாத் திரையளவு கேட்கற வகை. அது இந்தப் பொறியில மாட்டும். அதுக்குப் பதிலா எனம்-டிஸ்ப்ளே-செட்டிங்ஸ்ங்கற விண்டோஸ் அழைப்பைப் பயன்படுத்தினா உண்மையான பிக்சல் கணக்கு வரும். நான் ரெண்டையும் வாங்கி ரெண்டு காலம்ல போட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா அந்த ஆள் ஸ்கேலிங் வெச்சிருக்கார்னு அர்த்தம். அதுவும் ஒரு தகவல்தானே.

இந்த இடத்துல ஒரு யோசனை வந்தது. "எதுக்கு இவ்வளவு சுத்து? ஒவ்வொரு மெஷின்லயும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துடலாமே, படத்தோட சைஸ்தானே ரெசல்யூஷன்." டெக்னிக்கலா சரி. ஆனா அந்தத் திரையில இருக்கறது ஒரு நோயாளியோட பேர், பிறந்த தேதி, நோய். அமெரிக்காவுல 1996-ல வந்த ஹிப்பா சட்டத்தோட விதிகள் அந்தத் தகவலுக்குப் பொருந்தும். சட்டம் இல்லைன்னாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். நமக்கு வேண்டியது ரெண்டு எண். அதுக்காக ஒருத்தரோட மருத்துவக் குறிப்பைப் படம் பிடிச்சு ஷேர்டு ஃபோல்டர்ல போடறது முறை இல்லை. அந்த யோசனை அங்கேயே நின்னது.

ரிப்போர்ட்டை எழுதற விதத்துலயும் ஒரு சங்கதி. 300 மெஷினும் ஒரே ஃபைல்ல எழுதப் போனா ஒண்ணை ஒண்ணு தடுக்கும். ஷிஃப்ட் ஆரம்பிக்கற நேரம், எல்லாரும் பத்து நிமிஷத்துக்குள்ள லாகின் பண்றாங்க. அதனால மெஷினுக்கு ஒரு ஃபைல், பிறகு தனியா ஒரு ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் சேர்க்கும். பதில் வராத மெஷினுக்கு பூஜ்யம்னு போடாதீங்க. "செஷன் இல்லை" வேற, "கேட்க முடியலை" வேற. ரெண்டையும் காலியா விட்டா, பார்க்கறவங்க அதை "பிரச்சினை இல்லை"ன்னு படிச்சுடுவாங்க.

மூணு நாள் ஓடவிட்டோம். முதல் நாளே படம் தெரிஞ்சிருச்சு. பெரும்பாலான செஷன் 1920 x 1080. வீட்டுல இருந்து சின்ன லேப்டாப்ல வர்றவங்க 1366 x 768. அது அந்த லேப்டாப்போட அளவு, எதிர்பார்த்ததுதான். ஆனா சுமார் 40 பேர், ஆபீஸ்ல பெரிய மானிட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கறவங்க, 1024 x 768. அந்த 40 பேர் பட்டியலை குவாலிட்டி டீமோட பட்டியலுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். கவனம் இல்லாத பேட்ச்னு பேர் வாங்கின அதே பேட்ச்.

விஎம் எல்லாம் ஒரே மாதிரி, மானிட்டரும் ஒரே மாதிரி. அப்போ நடுவுல இருக்கறது ரிமோட் டெஸ்க்டாப் ஷார்ட்கட் ஒண்ணுதான். டெஸ்க்டாப்ல ஒரு ஐகான் இருக்குமே, அதை டபுள் க்ளிக் பண்ணி உள்ளே போவாங்க. அது உண்மையில ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேட்ல திறக்கலாம். திறந்தா உள்ளே டெஸ்க்டாப் அகலம் 1024, உயரம் 768, கீழே ஸ்மார்ட் சைஸிங் 1. யாரோ எப்பவோ பழைய டெஸ்ட் மெஷினுக்குச் செஞ்ச ஃபைல். அந்த பேட்ச் சேர்ந்த வாரம் அதையே காப்பி பண்ணிக் கொடுத்திருக்காங்க.

ஸ்மார்ட் சைஸிங்னா, விஎம் வரையற படம் சின்னதா இருந்தாலும் விண்டோ எவ்வளவு பெருசோ அவ்வளவுக்கு நீட்டிக் காட்டறது. கோடர்கள் விண்டோவை மேக்ஸிமைஸ் பண்றாங்க. 1024 அகலப் படம் 1920 அகலத்துக்கு இழுபடுது. எழுத்து பஞ்சாகுது. சப்போர்ட்ல இருந்து பார்க்கறவங்க தங்களோட சொந்த ஷார்ட்கட்ல வர்றாங்க, அவங்களுக்கு எல்லாம் பளிச்னு இருக்கு. ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

காலிப் பெட்டி? கோடிங் சாஃப்ட்வேரோட ஃபார்ம் பெரிய திரைக்குன்னு வரைஞ்சது, ஸ்க்ரோல்பார் கிடையாது. 768 உயரத்துல கடைசி வரிசை திரைக்குக் கீழே போயிடுது. இடமா வலமான்னு கேட்கற பெட்டி அந்த வரிசையிலதான். அந்த அக்காகிட்ட கேட்டேன். "டேப் அடிச்சா ஒரு தடவை கர்சர் காணாமப் போகும் தம்பி, இன்னொரு தடவை அடிச்சா மேலே வந்துடும். சிஸ்டம் ஸ்லோன்னு நினைச்சோம்"ன்னாங்க. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டியை அவங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாண்டியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ட்ரெய்னிங்ல அந்தப் பெட்டியைப் பார்த்திருக்காங்க. இங்கே காணோமேன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "உங்க லாகினுக்கு அது வேண்டியிருக்காது"ன்னு பதில் வந்திருக்கு.

சரி பண்ண அஞ்சு நிமிஷம். ஷார்ட்கட் ஃபைலை மாத்தி எல்லாருக்கும் அனுப்பியாச்சு. கஷ்டமான பகுதி அதுக்கப்புறம்தான். பழைய ஆடிட் மார்க்கை என்ன செய்யறது? ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிச்ச நாளுக்கு முன்னாடி என்ன ரெசல்யூஷன் இருந்ததுன்னு ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. "இப்போ அப்படி இருக்கு, அப்போ எப்படி இருந்ததோ"ன்னு குவாலிட்டி பக்கம் கேட்டாங்க. அது நியாயமான கேள்விதான். அந்த ஷார்ட்கட் ஃபைலோட தேதியும், அதை அட்டாச் பண்ணி அனுப்பின பழைய மெயிலும் இருந்ததால வழி கிடைச்சது. அந்த பேட்சுக்கு அந்த ஒரு வகைத் தப்பை மட்டும் கணக்குல இருந்து எடுத்தாங்க. நடந்துட்டு இருந்த மாசத்து இன்சென்டிவ் வந்தது. கணக்கு முடிஞ்ச மாசங்களுக்கு வரலை. அது எனக்கு இன்னும் உடன்பாடு இல்லாத முடிவு. அந்த அக்கா பழைய கண்ணாடியையே திரும்பப் போட ஆரம்பிச்சாங்க, புதுசு பவர் அதிகம்னு.

"ஸ்கிரிப்டே தானா ரெசல்யூஷனை மாத்திடலாமே?"ன்னு நிறைய பேர் கேட்பீங்க. நான் செய்ய மாட்டேன். பெரிய எழுத்து வேணும்னு தெரிஞ்சே குறைச்சு வெச்சிருக்கறவங்க உண்டு. அப்படி நாலு பேர் எங்க பட்டியல்லயே இருந்தாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கேட்டோம். பார்க்கற ஸ்கிரிப்ட் பார்க்கட்டும், மாத்தற ஸ்கிரிப்ட் தனியா இருக்கட்டும்.

வீட்டுல செஞ்சு பார்க்க ஆசைப்படறவங்களுக்கு. வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். ஒரு லினக்ஸ் விஎம் போட்டு ஓடவிடுங்க. வெளியில இருந்து விபாக்ஸ்-மேனேஜ் கமாண்டுல ஷோ-விஎம்-இன்ஃபோன்னு கேட்டா வீடியோ மெமரி, கிராபிக்ஸ் கன்ட்ரோலர், மானிட்டர் எண்ணிக்கை எல்லாம் சொல்லும். உள்ளே எக்ஸ்-ராண்டர்னு கேளுங்க, இப்போ ஓடற அளவுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதே எக்ஸ்-ராண்டரை க்ரான்ல போட்டு ஓட்டுங்க. டிஸ்ப்ளேவைத் திறக்க முடியலைன்னு வரும். ஏன்னா க்ரானுக்கு உங்க திரை எதுன்னே தெரியாது, டிஸ்ப்ளேங்கற சூழல் மாறியை நீங்கதான் சொல்லணும். விண்டோஸ்ல செஷன் ஜீரோ தப்பான பதிலைத் தைரியமாச் சொல்லுச்சு, லினக்ஸ் தெரியலைன்னு ஒத்துக்குது. எனக்கு லினக்ஸ் குணம் பிடிக்கும். வேலண்ட் ஓடற புது டெஸ்க்டாப்கள்ல எக்ஸ்-ராண்டர் சொல்றது பழைய புரோகிராம்களுக்காக நடுவுல இருக்கற எக்ஸ்-வேலண்டோட கணக்கு, அதையும் கவனிச்சுக்குங்க. ஹைப்பர்-வி வெச்சிருக்கறவங்க கெட்-விஎம்-வீடியோங்கற பவர்ஷெல் கமாண்டுல ஆரம்பிக்கலாம். ஆனா அதுவும் முதல் இடத்துக் கேள்விதான், செட்டிங்கைத்தான் சொல்லும்.

வெளியில கேட்ட பதில், உள்ளே கேட்ட பதில், ரெண்டையும் எழுதி அனுப்புங்க. ரெண்டும் ஒத்துப்போகாத மெஷின் யாருக்காவது இருந்தா அடுத்த வாரம் அதையே எடுத்துப் பேசலாம்.